ஆற்றல் மாற்றா விசைகளும் ஆற்றல் மாற்றும் விசைகளும்

கற்றலின் நோக்கங்கள்

இப்பகுதியைக் கற்றபின் மாணவர்கள்
• ஒரு விசை செய்யும் வேலை பாதையைச் சார்ந்ததா, சாராததா எனக் கண்டறிவர்.
• ஆற்றல் மாற்றா விசைக்கு மட்டுமே நிலை ஆற்றலை வரையறுக்க முடிவதன் காரணத்தை விளக்குவர்.
• உராய்வினால் இழக்கப்படும் இயந்திர ஆற்றல் எங்குச் செல்கிறது என்பதைக் கூறுவர்.
• இருவகை விசைகளும் ஒருங்கே செயல்படும் கணக்குகளுக்குத் தீர்வு காண்பர்.

1. அறிமுகம்

பழனி மலையின் உச்சியை அடையப் படிக்கட்டு வழி, சுற்றிச் செல்லும் யானைப்பாதை, விஞ்ச் எனப்படும் இழுவை இரயில், ரோப்கார் எனப் பல வழிகள் உள்ளன. இவ்வழிகளின் நீளங்கள் வேறுவேறானவை, சரிவுகளும் வேறுவேறானவை. ஆயினும் அடிவாரத்திலிருந்து உச்சி வரையிலான செங்குத்து உயரம் ஒன்றே. ஒருவர் எவ்வழியில் ஏறினாலும் அவர்மீது புவியீர்ப்பு விசை செய்யும் வேலை ஒரே அளவாக இருக்குமா? அவரது காலணிக்கும் தரைக்கும் இடையிலோ, வண்டியின் சக்கர அச்சிலோ ஏற்படும் உராய்வு செய்யும் வேலையும் அவ்வாறே ஒரே அளவாக இருக்குமா?

இவ்விரு வினாக்களின் விடைகளும் ஒன்றல்ல. அந்த வேறுபாடே இயற்கையில் உள்ள விசைகளை இரு பெரும் பிரிவுகளாகப் பிரிக்க உதவுகிறது.

2. புவியீர்ப்பு விசை செய்யும் வேலை

மலை உயரத்தை 150 மீட்டர் எனவும், ஏறுபவரின் நிறையை 50 கிலோகிராம் எனவும், புவியீர்ப்பு முடுக்கத்தை 10 மீட்டர்/வினாடி² எனவும் கொள்க. அவரது எடை 500 நியூட்டன். இவ்விசை எப்பொழுதும் செங்குத்தாகக் கீழ்நோக்கியே செயல்படுகிறது.

எந்த வளைந்த பாதையையும் மிகச்சிறிய படிகளாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு படியிலும் ஒரு கிடைத்தள நகர்வும் ஒரு செங்குத்து நகர்வும் அடங்கியுள்ளன. கிடைத்தள நகர்வுக்கு எடை செங்குத்தாக இருப்பதால் அந்நகர்வில் எடை செய்யும் வேலை சுழி. செங்குத்து நகர்வுகள் மட்டுமே வேலைக்குக் காரணமாகின்றன. பாதை எவ்வளவு வளைந்திருப்பினும் செங்குத்து நகர்வுகளின் கூடுதல் 150 மீட்டர்தான். இடையில் சிறிது இறங்கி மீண்டும் ஏறினால், இறங்கியபோது கிடைத்த நேர்க்குறி வேலையும் மீண்டும் ஏறியபோது கிடைத்த எதிர்க்குறி வேலையும் ஒன்றையொன்று நீக்கிவிடும். எனவே,

புவியீர்ப்பு விசை செய்த வேலை = – (எடை × உயரம்) = – (500 × 150) = – 75,000 ஜூல்.

படிக்கட்டு வழியாயினும் யானைப்பாதையாயினும் விடை இதுவே. அவர் உச்சியிலிருந்து அடிவாரத்திற்கு எவ்வழியில் திரும்பினாலும் புவியீர்ப்பு விசை + 75,000 ஜூல் வேலை செய்யும். சென்று திரும்பிய முழுச்சுற்றில் அவ்விசை செய்த மொத்த வேலை சுழி.

குறிப்பு: நீண்ட வழியில் நடப்பவர் கூடுதலாகக் களைப்படைவது இம்முடிவுக்கு முரணானதன்று. களைப்பு என்பது உடலில் செலவாகும் வேதியாற்றலைப் பொறுத்தது. தசைகள் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறுகிறது. மேலே கணக்கிடப்பட்டது புவியீர்ப்பு விசை செய்த வேலை மட்டுமே.

3. ஆற்றல் மாற்றா விசை

ஒரு பொருளை ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்கு நகர்த்தும்போது, ஒரு விசை செய்யும் வேலையானது தொடக்கப் புள்ளியையும் இறுதிப் புள்ளியையும் மட்டுமே சார்ந்து, இடைப்பட்ட பாதையைச் சாராமல் இருக்குமானால், அவ்விசை ஆற்றல் மாற்றா விசை எனப்படும்.

இவ்வரையறையை வேறு விதமாகவும் கூறலாம்: எந்தவொரு மூடிய பாதையிலும் செய்யப்படும் மொத்த வேலை சுழியாக உள்ள விசை ஆற்றல் மாற்றா விசை ஆகும்.

இவ்விரு கூற்றுகளும் சமமானவை. அ என்ற புள்ளியிலிருந்து ஆ என்ற புள்ளிக்கு முதற்பாதை, இரண்டாம் பாதை என இரு வழிகள் இருப்பதாகக் கொள்க. இரண்டிலும் செய்யப்படும் வேலை 20 ஜூல் எனில், இரண்டாம் பாதையில் ஆ-விலிருந்து அ-வுக்குத் திரும்பும்போது செய்யப்படும் வேலை – 20 ஜூல். எனவே முதற்பாதையில் சென்று இரண்டாம் பாதையில் திரும்பினால் மொத்த வேலை சுழி. மறுதலையாக, எல்லா மூடிய பாதைகளிலும் வேலை சுழி எனில், எந்த இரு பாதைகளுக்கும் வேலை சமமாகவே இருந்தாக வேண்டும்.

புவியீர்ப்பு விசை, சுருள்வில்லின் மீள்விசை, ஓய்வுநிலையிலுள்ள மின்னூட்டங்களுக்கிடையேயான நிலைமின் விசை ஆகியவை ஆற்றல் மாற்றா விசைகளுக்கு எடுத்துக்காட்டுகள்.

4. ஆற்றல் மாற்றும் விசை

ஒரு விசை செய்யும் வேலை பாதையைச் சார்ந்திருக்குமானால் அவ்விசை ஆற்றல் மாற்றும் விசை எனப்படும். இயக்க உராய்வு விசை, காற்றுத்தடை, பாகியல் விசை ஆகியவை இப்பிரிவைச் சேர்ந்தவை.

எடுத்துக்காட்டு 1

2 கிலோகிராம் நிறையுள்ள மரக்கட்டை ஒன்று சொரசொரப்பான கிடைத்தளத் தரையில் இழுக்கப்படுகிறது. இயக்க உராய்வுக் குணகம் 0.3. தரையில் அ, ஆ, இ என்ற மூன்று புள்ளிகள் ஒரு செங்கோண முக்கோணத்தை அமைக்கின்றன. அ – ஆ தொலைவு 3 மீட்டர். ஆ – இ தொலைவு 4 மீட்டர். அ – இ தொலைவு 5 மீட்டர். கட்டையை அ-விலிருந்து இ-க்கு (i) நேராக, (ii) ஆ வழியாக இழுக்கும்போது உராய்வு விசை செய்யும் வேலையைக் காண்க.

தீர்வு

உராய்வு விசை = 0.3 × 2 × 10 = 6 நியூட்டன். இது ஒவ்வொரு கணத்திலும் நகர்வுக்கு எதிர்த்திசையில் செயல்படுகிறது.
(i) நேர்ப்பாதையில் வேலை = – 6 × 5 = – 30 ஜூல்.
(ii) ஆ வழியாக வேலை = – 6 × (3 + 4) = – 42 ஜூல்.

தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தும் வேலை வேறுபடுகிறது. கட்டை நேர்ப்பாதையில் இ-க்குச் சென்று அதே வழியில் அ-வுக்குத் திரும்பினால் மொத்த வேலை சுழியன்று; – 60 ஜூல் ஆகும்.

இவ்வேறுபாட்டின் காரணம் விசையின் திசையில் உள்ளது. புவியீர்ப்பு விசையின் திசை, பொருள் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பொறுத்து மாறுவதில்லை. திரும்பும் பயணத்தில் நகர்வின் திசை மட்டுமே மாறுவதால் வேலையின் குறியும் மாறுகிறது. உராய்வு விசையோ பொருள் திரும்பும்போது தானும் திரும்பிக்கொள்கிறது. விசை, நகர்வு இரண்டின் திசைகளும் ஒருங்கே மாறுவதால் வேலையின் குறி மாறாமல் எதிர்க்குறியாகவே நீடிக்கிறது. போகும்போது எடுத்துக்கொண்டதை வரும்போது புவியீர்ப்பு விசை திருப்பித் தருகிறது. உராய்வு விசை இரு முறையும் எடுத்துக்கொள்கிறது.

அட்டவணை: இருவகை விசைகளின் ஒப்பீடு

ஆற்றல் மாற்றா விசை
• வேலை பாதையைச் சாராது.
• எந்த மூடிய பாதையிலும் மொத்த வேலை சுழி.
• நிலை ஆற்றலை வரையறுக்கலாம்.
• இது மட்டும் வேலை செய்யும்போது மொத்த இயந்திர ஆற்றல் மாறாது.

ஆற்றல் மாற்றும் விசை
• வேலை பாதையைச் சார்ந்தது.
• மூடிய பாதைகள் அனைத்திலும் மொத்த வேலை சுழியாக இராது.
• நிலை ஆற்றலை வரையறுக்க இயலாது.
• இது வேலை செய்யும்போது மொத்த இயந்திர ஆற்றல் மாறுபடும்.

5. நிலை ஆற்றலுடன் உள்ள தொடர்பு

மலையுச்சியின் உயரம் எவ்வளவு என்று கேட்டால் ஒரே விடை உண்டு. அடிவாரத்திலிருந்து உச்சிக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கேட்டால், ‘எந்த வழியில்?’ என்ற எதிர்வினா எழும். உயரம் புள்ளிக்கு உரியது. நடக்கும் தூரம் பாதைக்கு உரியது.

நிலை ஆற்றல் உயரத்தைப் போன்றதே. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு மதிப்பு இருந்தால் மட்டுமே அதனை ‘நிலை’ ஆற்றல் எனக் கூறுவது பொருந்தும். ஆற்றல் மாற்றா விசை செய்யும் வேலை பாதையைச் சாராததால், ஒரு மேற்கோள் புள்ளியைத் தேர்ந்துகொண்டு மற்ற புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலை ஆற்றலைக் குறிக்க இயலும்:

ஆற்றல் மாற்றா விசை செய்த வேலை = – (நிலை ஆற்றலில் ஏற்பட்ட மாற்றம்)

எடுத்துக்காட்டு 1-இல், அ-வைப் பொறுத்து இ-யில் ‘உராய்வு நிலை ஆற்றல்’ எவ்வளவு? நேர்ப்பாதை 30 ஜூல் என்கிறது. வளைந்த பாதை 42 ஜூல் என்கிறது. ஒரே புள்ளிக்கு எண்ணற்ற மதிப்புகள் கிடைப்பதால் உராய்வு விசைக்கு நிலை ஆற்றல் என ஒன்று இல்லை.

ஒரு பரிமாண இயக்கத்தில் நிலை ஆற்றல் தெரிந்தால், தொலைவைப் பொறுத்து அது மாறும் வீதத்தின் எதிர்க்குறி மதிப்பே விசை ஆகும். நிலை ஆற்றல் குறையும் திசையிலேயே விசை செயல்படுகிறது என்பதை இந்த எதிர்க்குறி உணர்த்துகிறது.

6. இடத்தை மட்டும் சார்ந்த விசைகள் அனைத்தும் ஆற்றல் மாற்றா விசைகளா?

உராய்வும் காற்றுத்தடையும் பொருளின் இயக்கத் திசையையோ வேகத்தையோ சார்ந்துள்ளன. இதிலிருந்து, ‘இடத்தை மட்டும் சார்ந்த விசை ஆற்றல் மாற்றா விசையாகவே இருக்கும்’ என முடிவு செய்யத் தோன்றும். ஒரு நேர்க்கோட்டில் மட்டும் நிகழும் இயக்கத்திற்கு இம்முடிவு சரியே. தளத்தில் நிகழும் இயக்கத்திற்கு இது பொருந்தாது.

எடுத்துக்காட்டு 2

ஒரு கிடைத்தளத்தில் எங்கும் கிழக்கு நோக்கியே ஒரு விசை செயல்படுகிறது. அதன் அளவு, ஒரு மேற்கோள் கோட்டிலிருந்து வடக்கே செல்லச்செல்ல மீட்டருக்கு 2 நியூட்டன் வீதம் அதிகரிக்கிறது; மேற்கோள் கோட்டின்மீது விசை சுழி. 1 மீட்டர் பக்கமுள்ள சதுரம் ஒன்றின் தெற்குப் பக்கம் மேற்கோள் கோட்டின்மீது உள்ளது. தென்மேற்கு மூலையிலிருந்து புறப்பட்டு, முதலில் கிழக்கு நோக்கிச் சென்று, சதுரத்தை ஒருமுறை சுற்றி வரும்போது இவ்விசை செய்யும் வேலையைக் காண்க.

தீர்வு

தெற்குப் பக்கத்தில் விசை சுழி. எனவே வேலை சுழி. கிழக்கு, மேற்குப் பக்கங்களில் நகர்வு விசைக்குச் செங்குத்து. எனவே வேலை சுழி. வடக்குப் பக்கத்தில் விசை 2 நியூட்டன் கிழக்கு நோக்கியது, நகர்வு 1 மீட்டர் மேற்கு நோக்கியது. வேலை – 2 ஜூல். மொத்த வேலை = – 2 ஜூல்.

இவ்விசை இடத்தை மட்டுமே சார்ந்தது. ஒரே கோட்டில் சென்று அதே கோட்டில் திரும்பினால் மொத்த வேலை சுழியே. எனினும் சதுரப் பாதையில் வேலை சுழியன்று. ஆகவே இது ஆற்றல் மாற்றும் விசை. ஏதோ ஒரு மூடிய பாதையில் வேலை சுழி எனக் காட்டுவது போதாது. எல்லா மூடிய பாதைகளிலும் சுழியாக இருக்க வேண்டும் என்பதை இது தெளிவாக்குகிறது. மாறாக, ஒரே ஒரு மூடிய பாதையில் வேலை சுழியன்று எனக் காட்டிவிட்டால், அவ்விசை ஆற்றல் மாற்றும் விசை என உறுதி செய்ய அதுவே போதுமானது.

இச்சதுரத்தை எதிர்த்திசையில் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் + 2 ஜூல் கிடைக்கும். ஆற்றல் மாற்றும் விசை எப்பொழுதும் ஆற்றலைக் குறைக்கும் என்பதில்லை. புறமூலத்திலிருந்து பெற்றுக் கூட்டவும் கூடும். இயற்கையில் இதற்குச் சிறந்த சான்று மின்காந்தத் தூண்டல். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தபடி, மாறும் காந்தப்புலம் ஒரு கம்பிச் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. மாறும் காந்தப்புலத்தால் தோன்றும் மின்புலம் மூடிய சுற்றில் மின்னூட்டத்தின்மீது செய்யும் வேலை சுழியன்று. மின்மாற்றி இயங்குவது இதனாலேயே.

7. இழந்த ஆற்றல் எங்கே?

‘ஆற்றல் மாற்றும் விசை’ என்னும் பெயர், ஆற்றல் அழிவின்மை விதியை அவ்விசை மீறுகிறது எனப் பொருள்படாது. இயந்திர ஆற்றல் வேறொரு வடிவத்திற்கு மாறுகிறது என்பதே அதன் பொருள்.

இவ்வுண்மை எளிதில் புலப்பட்டுவிடவில்லை. வெப்பம் என்பது பொருள்களுக்குள் பொதிந்துள்ள ஒரு பாய்மம் என்றே பதினெட்டாம் நூற்றாண்டில் பலரும் கருதினர். மியூனிக் நகரில் பீரங்கிக் குழல்கள் துளையிடப்படுவதைக் கவனித்த ரம்ஃபோர்டு, உராய்வு தொடரும் வரை வெப்பம் ஓயாது வெளிவருவதைக் கண்டு 1798-இல் அதனை வெளியிட்டார். பொதிந்திருந்த பாய்மமாயின் அது ஒரு கட்டத்தில் தீர்ந்திருக்க வேண்டும், ஆனால் தீரவில்லை. எனவே வெப்பத்தை இயக்கத்துடன் அவர் தொடர்புபடுத்தினார்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், 1840-களில் இதனை அளந்து காட்டினார். கீழிறங்கும் எடைகள் நீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றின. நீரின் பாகியல் விசை அச்சுழற்சியைத் தடுத்தது. நீரின் வெப்பநிலை சிறிதளவு உயர்ந்தது. எடைகள் இழந்த நிலை ஆற்றலுக்கும் நீர் பெற்ற வெப்பத்திற்கும் இடையே மாறாத விகிதம் இருந்தது. இன்றைய அலகுகளில் 1 கலோரி என்பது ஏறத்தாழ 4.2 ஜூலுக்குச் சமம்.

அணு அளவில் நோக்கினால் மேலும் தெளிவு பிறக்கிறது. உரசும் இரு பரப்புகளின் அணுக்களுக்கிடையே செயல்படுபவை மின்காந்த விசைகளே. கட்டையின் சீரான இயக்கம் கோடிக்கணக்கான அணுக்களின் ஒழுங்கற்ற அதிர்வுகளாகச் சிதறுகிறது. ஆற்றலின் மொத்த அளவு குறையவில்லை. கட்டை முழுவதையும் ஒரே திசையில் நகர்த்தும் தகுதியை மட்டுமே அது இழந்துவிட்டது.

8. இருவகை விசைகளும் செயல்படும் அமைப்புகள்

வேலை – இயக்க ஆற்றல் தேற்றத்தின்படி, அனைத்து விசைகளும் செய்த மொத்த வேலை இயக்க ஆற்றலில் ஏற்பட்ட மாற்றத்திற்குச் சமம். இதில் ஆற்றல் மாற்றா விசைகள் செய்த வேலையை நிலை ஆற்றல் மாற்றமாக எழுதினால்,

ஆற்றல் மாற்றும் விசைகள் செய்த வேலை = இயக்க ஆற்றல் மாற்றம் + நிலை ஆற்றல் மாற்றம்

எனக் கிடைக்கிறது. வலப்பக்கம் உள்ளது மொத்த இயந்திர ஆற்றலில் ஏற்பட்ட மாற்றம்.

எடுத்துக்காட்டு 3

2 கிலோகிராம் நிறையுள்ள கட்டை, 3 மீட்டர்/வினாடி வேகத்தில் வந்து, சுவரில் பொருத்தப்பட்ட சுருள்வில்லின் முனையைத் தொடுகிறது. சுருள்வில் மாறிலி 56 நியூட்டன்/மீட்டர். தொட்ட இடத்திலிருந்து சுவர் வரை தரை சொரசொரப்பானது. உராய்வு விசை 4 நியூட்டன். (i) சுருள்வில் அடையும் பெரும அமுக்கம், (ii) கட்டை மீண்டும் தொடக்க இடத்தை அடையும்போது அதன் வேகம் ஆகியவற்றைக் காண்க.

தீர்வு

(i) தொடக்க இயக்க ஆற்றல் = ½ × 2 × 3² = 9 ஜூல். அமுக்கம் 0.5 மீட்டர் எனில், சுருள்வில்லின் நிலை ஆற்றல் = ½ × 56 × 0.5² = 7 ஜூல்; உராய்வினால் இழப்பு = 4 × 0.5 = 2 ஜூல். கூடுதல் 9 ஜூல். எனவே பெரும அமுக்கம் 0.5 மீட்டர்.
(ii) திரும்பும்போது சுருள்வில் 7 ஜூலையும் முழுமையாகத் திருப்பித் தருகிறது. உராய்வு மேலும் 2 ஜூலை எடுத்துக்கொள்கிறது. எஞ்சும் இயக்க ஆற்றல் 5 ஜூல்; வேகம் = √5 ≈ 2.24 மீட்டர்/வினாடி.

குறைந்த 4 ஜூல் முழுவதும் உராய்வின் கணக்கைச் சேர்ந்தது. முழுச்சுற்றில் சுருள்வில் செய்த வேலை சுழி.

9. நடைமுறை வாழ்வில்

மலைப்பாதைப் பேருந்து: உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு இறங்கும் பேருந்து ஒன்று செங்குத்தாக ஏறத்தாழ 1,800 மீட்டர் இறங்குவதாகக் கொள்க. அதன் நிறை 10,000 கிலோகிராம் எனில், இழக்கும் நிலை ஆற்றல் 10,000 × 10 × 1,800 = 18 கோடி ஜூல். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமாயின், இவ்வாற்றல் முழுவதையும் ஆற்றல் மாற்றும் விசைகளே நீக்கியாக வேண்டும். 30 டிகிரி செல்சியஸில் உள்ள 600 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வாற்றல் போதுமானது. பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் இவ்வெப்பத்தின் பெரும்பகுதி பிரேக் பாகங்களில் சேரும். மிகையாகச் சூடேறிய பிரேக்கின் உராய்வுக் குணகம் குறைந்துவிடுவதால் வண்டி கட்டுப்பாட்டை இழக்க நேரிடும். மலைப்பாதையில் குறைந்த கியரில் இறங்க வேண்டும் என ஓட்டுநர்களுக்கு அறிவுறுத்தப்படுவது இதனாலேயே. அப்போது இயந்திரத்தின் தடையும் ஆற்றல் நீக்கத்தில் பங்கேற்கிறது.

மின்தொடர்வண்டிகளிலும் மின்வாகனங்களிலும் வேறொரு முறை கையாளப்படுகிறது. வேகம் குறைக்கும்போது மோட்டார் மின்னியற்றியாகச் செயல்பட்டு, இயக்க ஆற்றலின் ஒரு பகுதியை மின்னாற்றலாக மாற்றித் தருகிறது. வெப்பமாகச் சிதறவிருந்த ஆற்றல் மீண்டும் பயன்படும் வடிவில் கிடைக்கிறது.

கடம்பாறை நீரேற்று மின்நிலையம்: கோயம்புத்தூர் மாவட்டத்தில் உள்ள இந்நிலையம் 100 மெகாவாட் திறனுள்ள நான்கு அலகுகளைக் கொண்டது. மின்தேவை குறைவாக உள்ள நேரத்தில் கீழ்நீர்த்தேக்கத்திலிருந்து மேல்நீர்த்தேக்கத்திற்கு நீர் ஏற்றப்படுகிறது. தேவை மிகும்போது அந்நீர் கீழிறங்கி மின்னாற்றலை அளிக்கிறது. புவியீர்ப்பு விசை ஆற்றல் மாற்றா விசையாக இருப்பதால்தான் நீரை ஏற்றி ஆற்றலைச் சேமிக்க முடிகிறது. எத்தனை நாள் கழித்து இறக்கினாலும் அவ்விசை தன் கணக்கை முழுமையாகத் தீர்க்கிறது. எனினும், குழாய்களில் நீரின் பாகியல் தடையும் இயந்திரங்களின் உராய்வும் மின்னிழப்பும் இரு வழிகளிலும் ஆற்றலை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே இத்தகைய நிலையங்களில் பொதுவாகச் செலவிட்ட ஆற்றலில் 70 முதல் 80 விழுக்காடு வரையே திரும்பக் கிடைக்கிறது.

பாடச்சுருக்கம்

• ஆற்றல் மாற்றா விசை செய்யும் வேலை தொடக்க, இறுதிப் புள்ளிகளை மட்டுமே சார்ந்தது. எந்த மூடிய பாதையிலும் அது சுழி.
• ஆற்றல் மாற்றா விசைக்கு மட்டுமே நிலை ஆற்றலை வரையறுக்க முடியும்.
• இடத்தை மட்டும் சார்ந்த விசையும் ஆற்றல் மாற்றும் விசையாக இருக்கலாம்.
• ஆற்றல் மாற்றும் விசைகள் செய்யும் வேலை மொத்த இயந்திர ஆற்றலில் ஏற்படும் மாற்றத்திற்குச் சமம். மொத்த ஆற்றல் எந்நிலையிலும் அழிவதில்லை.

மதிப்பீடு

I. குறுவினாக்கள்
1. உராய்வு விசைக்கு நிலை ஆற்றலை வரையறுக்க இயலாதது ஏன்?
2. முடுக்கமடையும் லாரியின்மீது வழுக்காமல் உள்ள பெட்டியின்மீது ஓய்வுநிலை உராய்வு செய்யும் வேலை நேர்க்குறியா, எதிர்க்குறியா? காரணம் கூறுக.
3. காற்றுத்தடை உள்ளபோது செங்குத்தாக மேலெறியப்பட்ட பந்து, ஏறும் நேரத்தைவிட இறங்கும் நேரம் அதிகம். ஒரே உயரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ள இயக்க ஆற்றல்களை ஒப்பிட்டு இதனை விளக்குக.

II. கணக்கீடுகள்
1. 0.1 கிலோகிராம் நிறையுள்ள பந்து 20 மீட்டர்/வினாடி வேகத்தில் மேலெறியப்பட்டு, 16 மீட்டர்/வினாடி வேகத்தில் எறிந்தவர் கைக்கே திரும்புகிறது. காற்றுத்தடை செய்த வேலையைக் காண்க. (விடை: – 7.2 ஜூல்)
2. எடுத்துக்காட்டு 2-இல் சதுரத்தின் பக்கம் 3 மீட்டர் எனில், அதே திசையில் ஒருமுறை சுற்றும்போது செய்யப்படும் வேலையைக் காண்க. (விடை: – 18 ஜூல்)